வீட்டுக்கு ஒரு கை

அக்கா,

இன்று நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்காகத் தேவாலய மண்டபத்தைத் திறந்ததும் தரைமெழுகின் மணம் அடித்தது. அந்தப் பழைய கூட்டத்தன்றும் இங்கே இதே மணம்தான்; உடனே நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் கண்மூடி ஒரு குளிர்காலம் முடியப் போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்த புதிதில், லாங்கன்தாலில் நாம் இருவரும் பீங்கான் தொழிற்சாலையில் தட்டுகளைப் பொதி செய்த நாட்கள். பக்கத்து மேசைச் சுவிஸ் அம்மா, தான் முதன்முதல் வாக்குப் போட்டபோது நாற்பதைத் தாண்டியிருந்ததாகச் சொன்னார். இங்கே பெண்களுக்கு அந்த உரிமை வந்ததே அப்போதுதானாம். நீங்கள் நம்பவேயில்லை. உங்கள் அம்மாவே ஊரில் வாக்குப் போட்டவர் என்று அரைகுறை ஜெர்மனில் பெருமையடித்தீர்கள். அந்தப் பெருமை நிலைக்கவில்லை.

ஊரில் சண்டையை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, இனிச் சமாதானம்தான் என்று எல்லோரும் நம்பிய ஆண்டு அது. வரப்போகும் மாகாண சபை எப்படி இருக்க வேண்டும் என்று நம் சங்கமும் ஒரு கோரிக்கை எழுதப் புறப்பட்டது. அதில் பெண்களுக்கும் இடம் கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள். இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்பி வராத உங்கள் அண்ணன் மகள்தான் உங்கள் மனதில் இருந்தாள்.

"சண்டைக்குப் பெட்டையள் வேணும். சமாதானம் கதைக்க மட்டும் வேண்டாமோ?"

தேநீர் ஆறுகிறது என்றார் ஒருவர். பிறகு ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டு வந்த தலைவர் உங்கள் முன்னால் நின்றார்.

"வீட்டுக்கு ஒரு கைதான் அக்கா. அண்ணை இருக்கிறார்தானே."

அவர் சொன்ன அண்ணை, உங்கள் கணவர், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் எதிர்ப்பக்கம்.

"அது அவற்ற கை. இது என்ர," என்றீர்கள்.

தலைவர் உங்களைத் தாண்டி, கை தூக்கியிருந்த என்னிடம் வந்தார். என் கணவர் எங்கே என்று கேட்டார். வேலையில் என்றேன். அப்படியானால் இதை அவருடைய கையாக எண்ணுகிறேன் என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனார். இரு பக்கமும் சரிக்குச் சரி வந்தது. அதனால் உங்கள் கோரிக்கை விழுந்தது. உங்கள் ஒரு கையை எண்ணியிருந்தால் போதும்.

"நானும் மனுசனை வேலைக்கு அனுப்பிப்போட்டு வந்திருக்கோணும்," என்று வழியெல்லாம் சிரித்தீர்கள். பேருந்து நிறுத்தத்தில் அழுதீர்கள். வீட்டில் என் கணவர், தன் பெயரில் ஏன் கை தூக்கினாய் என்று குதித்தார். அவர் வந்திருந்தால் எதிராகத்தான் தூக்கியிருப்பார்.

சில மாதங்களில் ஊரில் மறுபடி சண்டை. இடம் கேட்டிருந்தாலும் என்ன கிழிந்திருக்கும் என்று சங்கத்தில் இப்போதும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியாது, அக்கா. ஆனால் கேட்காமலே விட்டோமே.

இன்றும் ஒரு தீர்மானத்துக்குக் கைகளை எண்ணிக்கொண்டு வந்த புதிய தலைவர் என்னிடம், உங்கள் வீட்டின் முடிவு என்ன என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"எங்கட வீட்டில ரெண்டு பேர் இருக்கிறம்," என்றேன்.

வீட்டுக்கு வந்தும் இவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.