கார் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்

போன சனிக்கிழமை என் தம்பி புதுக் கார் எடுத்தான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோரும் படம் எடுத்து முடித்த பிறகு நான் முன் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த புது வாசனை. உள்ளே புத்தகம் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு அட்டை, அதில் ஒரு க்யூஆர் கோடு, கையேடு வேண்டுமானால் ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு வரி. நாம் கையேடு செய்து கொடுக்காத வேறு ஏதோ கம்பெனியின் கார். தம்பி அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவர்கள். மல்லேஸ்வரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில், கார் கம்பெனிகளுக்குக் கையேடு தயாரித்துக் கொடுக்கும் அந்தச் சின்ன ஆபீஸ். நான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். நீ பிரேசர் டவுன்காரி. பஸ்ஸில் கண்டக்டரிடம் கன்னடம், பக்கத்து சீட்டுக்காரியிடம் தக்கினி உருது, என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் பேசுவாய். தமிழ்ப் பதிப்பு என் பொறுப்பு. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் சொல்லும் கடைசிப் பக்கங்கள் உன் பொறுப்பு.

உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்பாய். ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடியதும் கீழே இறங்கிப் போய், முதலாளிகளுக்காகக் காத்திருக்கும் டிரைவர்களிடம் படத்தைக் காட்டி இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்பாய். ஆயில் விளக்கை ஒருவர் "சொட்டு விடற கெட்டில்" என்றார். இன்ஜின் சூட்டைக் காட்டுவது "தண்ணியில நிக்கிற கரண்டி". டயரில் காற்று குறைந்தால் வருவது "லாடம்". அத்தனையையும் பட்டியலில் சேர்த்தாய். இது என்ன சமையல் புத்தகமா என்று எடிட்டர் கேட்டார். நீ சிரிக்கவில்லை. "பயந்துபோயி புக்கைத் திறக்கிறவங்களுக்குப் பார்ட் பேரு எப்படி சார் தெரியும்? கண்ணுல பட்டதைத்தானே தேடுவாங்க" என்றாய். அவர் விட்டுவிட்டார்.

பத்து வருஷம் அப்படிப் போனது. பிறகு நமக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகளில் பெரிய ஒன்று, இனி அச்சு வேண்டாம், எல்லாமே செயலியிலும் காரின் திரையிலும் இருந்தால் போதும் என்றது. அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு அதில் உண்மையான நம்பிக்கை இருந்தது. வருஷத்தில் மூன்று தடவை மென்பொருள் மாறுகிறது, பட்டன் இடம் மாறுகிறது. அச்சடித்த புத்தகம் வண்டி வீட்டுக்கு வருவதற்குள் பழசாகிவிடுகிறது. அதையெல்லாம் நீயும் ஒப்புக்கொண்டாய். அவசரத்துக்கு வேண்டிய சில பக்கங்களை மட்டும் அச்சில் விட்டுவைக்கலாம் என்றுதான் கேட்டாய்.

அந்தக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தோம். கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் தயங்குகிறவளாகத் தெரியக் கூடாது என்று எனக்கு ஒரு வேகம். புத்தகத்தை யாரும் பிரிப்பதே இல்லை, வண்டியை விற்கிறவரை பிளாஸ்டிக் கவரிலேயே கிடக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தேடறதுக்கு இப்ப ஆப்லயே ஒரு பெட்டி இருக்கு. இனிமே பட்டியல் போட ஒரு ஆளே தேவையில்ல" என்று சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். நீ பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைத்தாய்.

உன்னை இணைப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் ராஜினாமா கொடுத்தாய். கடைசி நாளன்று நான் வெளியே ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி ஆபீசுக்கே வரவில்லை. வேலை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நாம் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள், என் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாம் கையேடு செய்த அதே மாடல் காரைத்தான் நான் வாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியின் மூன்றாவது பேஸ்மெண்டில் நிறுத்தியிருந்தேன். அப்பாவை வீல்சேரில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் லிஃப்ட் பக்கத்தில் காத்திருந்தார். சாவியை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். சாவியின் பேட்டரி தீர்ந்திருந்தது. கீழே காற்றே இல்லை. அப்பா சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

செயலியைத் திறந்தேன். உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. நெட்வொர்க் இல்லை. அதே கையேடு காரின் திரையிலும் இருந்தது, ஆனால் கார் பூட்டியிருந்தது. சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தை எழுதியவள் நான்தான். ஆனால் அப்பாவின் நெற்றி வியர்வையைப் பார்த்த பிறகு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

சரிவுப் பாதையில் மேலே ஓடினேன். முதல் பேஸ்மெண்டுக்கு வந்ததும் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. கையேடு திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கஸ்டமர் கேர் எண்ணும் அதற்குள்ளேதான் இருந்தது. உன் நம்பர் என் விரலுக்குத் தெரியும். இரண்டாவது மணியில் எடுத்தாய். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"அப்பா உக்காந்திருக்காரா?" என்று கேட்டாய்.

"ஆமா. வீல்சேர்ல."

"அப்ப நிதானமா கேளு பா. சாவி பக்கவாட்டுல சின்ன லாக் இருக்கும், அதைத் தள்ளி இழு. உள்ள இரும்பு சாவி வரும். டிரைவர் கதவுல போட்டுத் திற. ஹாரன் கத்தும், கத்தட்டும். உள்ள உக்காந்து பிரேக்கை மிதி. ஸ்டார்ட் பட்டன்மேல அந்த சாவி டப்பாவையே ஒட்ட வெச்சு அழுத்து. கை வேணாம், சாவியாலயே அழுத்து."

டிஸ்சார்ஜ் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். நீ என்னைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னாய். படித்தேன். சரி, ஓடு என்றாய்.

கதவு திறந்ததும் ஹாரன் அந்த பேஸ்மெண்ட் முழுக்க அலறியது. அப்பா திடுக்கிட்டார். நீ சொன்னபடி செய்தேன். இன்ஜின் ஓடியது, ஹாரன் அடங்கியது. ஏசியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். பாதி வழியில் அவர், போனில் யார் என்று கேட்டார். என் ஃப்ரெண்டு என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, நீ சர்ச்சுக்குப் போய் வந்திருக்கும் நேரம் பார்த்து பிரேசர் டவுன் வந்தேன். நீ சமையலறையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாய். பாதிக் கொத்தை என் பக்கம் தள்ளினாய். நானும் உருவினேன். மன்னிப்புக் கேட்க மனதில் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. தப்பு பண்ணிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"புக் கவர்லயே கிடக்கும்னு சொன்னியே, அது நிஜம்தான்," என்றாய். "கிடக்கட்டும். என்னைக்கோ ஒரு நாளைக்காகத்தானே அது கிடக்குது."

அடுத்த ஈர்க்கை எடுத்து உருவியபடி, என்னைப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னாய். "பட்டியல் வேணாம்னது வலிக்கல பா. எல்லார் முன்னாடியும் சொன்னே. என்கிட்ட தனியா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான்."

அன்று மத்தியானம் உன் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

அதன் பிறகு கம்பெனியில் நான்கு கூட்டங்களில் பேசினேன். மூன்றில் மறுத்தார்கள். நான்காவதில், பேஸ்மெண்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். செயலியை நெட்வொர்க் இல்லாமலும் திறக்கும்படி மாற்றினார்கள். நீ வீட்டிலிருந்தே அந்தப் பட்டியலைச் செய்தாய். கெட்டில், கரண்டி, லாடம் எல்லாம் இப்போது செயலியின் தேடல் பெட்டியிலும் இருக்கின்றன. "கெட்டில்" என்று தட்டினால் ஆயில் பக்கம் வருகிறது. அது உனக்குப் பிடித்திருந்தது. "பெட்டியும் நல்ல பெட்டிதான். அதுக்குள்ள யாராச்சும் வார்த்தை போடணும், அவ்வளவுதான்" என்றாய்.

வயிற்று வலி என்று நீ டாக்டரிடம் போனது அந்த வேலை பாதி நடக்கும்போது. மீதிப் பாதியைக் கீமோவுக்கு நடுவே போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அச்சாகி வந்த முதல் பிரதியை உன் கையில் கொடுக்க முடிந்தது. நீ அட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு பக்க எண் தப்பாக இருப்பதைக் காட்டினாய். இருபது நாள் கழித்துப் போய்விட்டாய்.

உன்னிடமிருந்து வந்தது என்று நான் வைத்திருப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டத்தில் சூடான வார்த்தை தொண்டைக்கு வரும்போது அதை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். எல்லா நாளும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த மேலாளர், இந்தப் பதினாறு பக்கமும் எதற்கு, அதையும் எடுத்துவிடலாம் என்றார். பத்துப் பேர் இருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. குறித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் அவரைக் காபிக்குக் கூப்பிட்டுப் போனேன். பேஸ்மெண்டைப் பற்றிச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். பதினான்கு பேர் முன்னால் உன்னிடம் நான் சொன்ன அந்த வாக்கியத்தையும், ஒரு வார்த்தை குறைக்காமல், முதல் தடவையாக இன்னொருவரிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க உங்களை மன்னிச்சாங்களா?" என்று கேட்டார்.

சாப்பாடு போட்டாள் என்றேன்.