முருகேசன் ஒப்புக்கொண்டது

1974 ஜூலை 12, வெள்ளி

பம்ப்செட் மோட்டார் திருடியதாகப் பிடித்துவந்த முருகேசனை மூன்று நாளாக உள்ளங்காலில் அடித்தோம். வீக்கம் தெரியாமலிருக்க, அடித்ததும் குதிக்க வைப்பது எங்கள் ஸ்டேஷன் வழக்கம். ஒன்று, இரண்டு என்று எண்ணியது ரைட்டராகிய நான்தான். நேற்று, பென்னலூர் கிணற்றில் போட்டேன் என்றான். அழகாக எழுதிக் கைநாட்டு வாங்கினேன்.

இன்று மோட்டாரின் சொந்தக்காரர் வந்தார். "மோட்டாருக்குக் காயில் கட்டணும்னு மச்சான் ரிப்பேர் கடைக்கு எட்துகினு போயிருக்கான் சார். எனக்கே தெரியாது."

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அதான் ஒத்துக்கினானேய்யா! தண்டலத்துல சைக்கிள் ஒண்ணு காணோம்ல, அதுக்கு மாத்தி எழுது."

மாற்றி எழுதினேன், பாவி. கைநாட்டுக்காக முருகேசனிடம் போனேன். என்னைக் கண்டதும், யாரும் சொல்லாமலே எழுந்து குதிக்க ஆரம்பித்தான். எண்ணிக்கையையும் அவனே சொன்னான்.