அசைவு தெரியும்வரை கரு

பிப். 9, திங்கள்
காலையில் பனி. பவர் ஹவுஸ் புகைபோக்கிகளின் மேல்பாதியைக் காணோம். சிவா முதல் ஷிப்ட். அவர் போன பிறகு குட்டித் தூக்கம். கனவில் டவுன்ஷிப் பஸ், பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு யாருக்கோ இடம் பிடித்திருந்தேன்.

ஐந்தாம் மாதம். போன வார ஸ்கேனில் எல்லாம் சரி. ஷிப்ட் முடிந்து வந்ததும் சிவா என் வயிற்றைப் பார்த்து, "பாப்பா சாப்டாச்சா?" என்றார். சுள்ளென்று கோபம். போன தடவை நாள் தள்ளிய அன்றே பாப்பா என்றோம். மூன்றாம் மாதம் கலைந்தது. இந்தத் தடவை அசைவு தெரியும்வரை கரு என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார், முகம் வாடி.

மதியம் நிலக்கரி மைன்ஸில் வெடி. ஜன்னல் கண்ணாடி நடுங்கி, தரை வழியாக அடிவயிறு வரை ஓர் அதிர்வு. வந்த புதிதில் பயந்தேன். இப்போது பழகிவிட்டது.

பிப். 11, புதன்
வாங்க: ரவை, மாதுளை, இரும்புச் சத்து மாத்திரை.

கரு. நல்ல சொல்தான். முட்டைக்குள் கரு. கதைக்குக் கரு. மேகம்கூடக் கருக்கொள்ளும். கேட்டதும் யாருக்கும் பெயர் வைக்கத் தோன்றாது. அதனால் பிடித்தது. அதனாலேயே பிடிக்கவும் இல்லை.

பின்பக்கப் பலாவில் மூசு விட்டிருக்கிறது. விரல் பருமன் பிஞ்சுகள். கீழே கறுத்து உதிர்ந்தவை நிறைய. பார்த்தபடி நின்றுவிட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லா அக்கா துணி காயப்போட வந்தார்.

"அதையே ஏம்மா பாத்துகினு நிக்கிற? உள்ள போ, வெயிலு ஏறுது."

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துப்போய்த் தூரப் போட்டுக்கொண்டிருந்தார். அழுகை வந்தது.

பிப். 13, வெள்ளி
அம்மா போனில். "அசைஞ்சுதா?" இல்லை. டாக்டரம்மா பொறுங்கள் என்கிறார். எப்படிப் பொறுப்பது.

தூக்கத்தில் நிலக்கரி ஆவதற்கு முந்தைய காடு. எல்லா மரமும் ஈரம். எனக்கு முன்னால் யாரோ போகிறார்கள். கூப்பிட வேண்டும், என்ன சொல்லி என்று தெரியவில்லை.

பிப். 15, ஞாயிறு
சிவாவுக்கு ஆஃப். மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தோம். அடிவயிற்றில் லேசான அதிர்வு.

"வெடி வச்சுட்டாங்க," என்றேன், கண் திறக்காமல்.

"எங்க? ஜன்னல் சும்மாதான இருக்கு."

பார்த்தேன். கண்ணாடி அசையவில்லை. செம்புத் தண்ணீரும் அசையவில்லை. மறுபடி.

சிவா எழுந்து உட்கார்ந்தார். வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது தெரிந்தது.

"இங்க கைய வைங்க," என்றேன். "பாப்பா."