ராசுவின் காதும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும்

என் பிரியத்துக்குரிய தம்பி ராசுவுக்கு,

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது உனக்கும் தெரியும். அம்மாவின் திவசத்தன்று காக்கை வந்து சோற்றைக் கொத்தியதும் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் மட்டும், "அதுக்குப் பசி, வந்துச்சு" என்று சொல்லி உன்னிடம் திட்டு வாங்கினேன். அப்படிப்பட்டவள் இன்று உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சண்முகம் கேட்டதால் எழுதுகிறேன். உங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஐந்து வருடம் நிறைகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்கள். "ராசுவப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சரம்மா, நீங்க எழுதுனா நல்லாருக்கும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். உன்னைப் பற்றி நல்லதாக எழுதுவது சுலபம். என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. படித்த பிறகும் அவர் இதை அச்சிட்டால் அது அவருடைய பெருந்தன்மை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு தந்திதான இருக்கு, மிச்சத்தக் கழட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். முன்பு நீ சொன்னதையே நானும் சொன்னேன்: "இது அடிச்சத்தத்துக்கு மட்டும் உள்ளது. நாலு போதும்."

நீ சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது, மற்றவர்கள் டிரான்சிஸ்டரும் சேலையும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாய். அதற்கான ஆம்ப்ளிஃபயர் கனம் என்று துறைமுகத்து நண்பனிடம் கொடுத்துவிட்டு வந்தாய். குதிரையை விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிவந்தவன் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். அப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் சிரிப்பாய்.

முதல் கச்சேரி நாகுடியில் ஒரு கல்யாணத்தில். காதர் பாயின் மைக் செட்டில், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் உன் கிட்டாரை இணைத்தார்கள். குழாயில் பாட்டு வந்தது, ஆர்மோனியம் வந்தது, உன் தந்தி மட்டும் வரவில்லை. பந்தியில் ஒரு பெரியவர், "அந்தத் தம்பி எதுக்குங்க விறகுக்கட்டயத் தடவிக்கிட்டு நிக்குறாரு?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அதன் பிறகுதான் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பெட்டி செய்து, அதற்குள் பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தினாய். ஆம்ப்ளிஃபயரையும் நீயே கட்டினாய். காதர் பாய் சும்மா இருப்பாரா? கோட்டைப்பட்டினத்தில் தொடங்கி அறந்தாங்கி வரை மைக் செட் என்றால் அவர்தான். மதுரைக்குப் போய் பளபளக்கும் புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவந்தார். உன்னுடையது மூடியில்லாத தகரத் தட்டு. மேலே கண்ணாடி வால்வுகள் கத்தரிக்காய்ப் பிஞ்சு மாதிரி நின்றன.

இரண்டையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிப் போட்டு நாள் கணக்கில் கேட்டாய். "காதர் பாயோடது தகர டின்னுல புளியங்கொட்ட போட்டு ஆட்டுறாப்ல இருக்குக்கா. மேலாப்புல கணீர்னு இருக்கு, அடியில ஒண்ணுமில்ல. என்னோடது அப்புடியில்ல. நெல்லு மூட்டயத் தோள்லருந்து எறக்குனா மெத்துனு ஒரு சத்தம் வரும்ல, அது."

"ரெண்டுலயும் ஒரே வால்வு. ஒரே ஸ்பீக்கர். வித்தியாசம் எங்கருந்துடா வரும்?"

"டிரான்ஸ்பார்மர் பழைய ரேடியோவுல கழட்டுனது. வோல்டேஜ் கொஞ்சம் கம்மியாத்தான் குடுக்கும். அதான் பதமாப் பேசுது."

"அதுக்குப் பேரு பதமில்ல, கோளாறு" என்றேன். பட்டணத்தில் பௌதிகம் படித்தவள் நான். இருபத்தைந்து வருடமாக மின்சாரப் பாடம் நடத்துகிறவள். எட்டாவதோடு கப்பலேறிய தம்பி எனக்கு வோல்டேஜைப் பற்றிச் சொல்வதா? அப்படி நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தேன்.

சண்முகத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. புதுசு இருக்கும்போது மூடியில்லாத தட்டை மேடையில் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். "நெசமாவே வித்தியாசம் தெரியுதுன்னு காட்டிரு, ஒன்னதவே வச்சுக்கிருவோம். இல்லையா, பேசாம காதர் பாயோடதுல வாசி." சோதனைக்கு ஆள் யார்? நான்தான் என்று நீயே சொன்னாய். "அக்கா பொய் சொல்லாது." அந்த மூன்று வார்த்தைகளை நான் மறந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பாட்டுக்குப் பின் நம் வீட்டுக் கூடத்தில் கொடி கட்டிப் போர்வை தொங்கவிட்டோம். போர்வைக்கு இந்தப் பக்கம் நானும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும். அந்தப் பக்கம் பெட்டி, கிட்டாரோடு சண்முகம், பெஞ்சில் காதர் பாய். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். எதில் இணைத்தேன் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டில் எழுதுவேன். உன் விடையையும் பக்கத்தில் எழுதுவேன். கடைசியில் படிப்பேன். அதுதான் பேச்சு.

முதல் முறை: "என்னோடது." இரண்டாவது முறை: "காதர் பாயோடது." மூன்றாவது முறை நான் எதையும் மாற்றவில்லை. மாற்றுவதுபோல் ஒயரைத் தரையில் இழுத்தேன், சுவிட்சை டக்கென்று தட்டினேன். நீ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா, நீ மாத்தல" என்றாய்.

மூன்றும் சரி, ராசு.

சீட்டைப் பார்த்தபடி போர்வைக்குப் பின்னால் நின்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏதோ துப்புக் கிடைத்திருக்கிறது, ஒயர் இழுபடும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறான் என்று நினைத்தேன். காப்பி குடித்துவிட்டுத் தொடரலாம் என்று எல்லோரையும் எழுப்பினேன்.

காப்பி குடிக்கும்போது தெருக்கோடி அரிசி ஆலை ஓட ஆரம்பித்தது. தினமும் ஒரு மணிக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு மறுபடி ஓட்டுவார்கள். அந்தச் சத்தம் நமக்குச் சுவர்க்கடிகாரம் மாதிரி, காதில் விழும், மனதில் பதியாது.

நாலாவது முறையும் நான் மாற்றவில்லை. காதர் பாயுடையதே இருந்தது. இந்த முறை ஒயரை இன்னும் பக்குவமாக இழுத்தேன். சண்முகம் தடித்த தந்தியைச் சுண்டினார். நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய். "இதான் என்னோடது. அடி நல்லாத் தெரியுது பாருங்க. மூட்ட எறக்குறாப்ல."

நான் போர்வையை விலக்கி, காதர் பாயுடையதில் செருகியிருந்த ஒயரைக் காட்டினேன்.

அவர்கள் சிரித்ததை நீ கேட்டாய். "காதர் பாயோடதுக்குத் தம் பேர வைக்கிறான்யா" என்றார் சண்முகம். "காது குத்துனப்ப ஆசாரி ஆழமாக் குத்திப்புட்டாரு போலருக்கு" என்றார் காதர் பாய். அவர்கள் சிரிப்பில் வன்மம் இல்லை. நாலு நண்பர்கள் சிரிக்கிற சிரிப்புதான். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிறகு என்னைப் பார்த்து, "முன்ன சொன்னதெல்லாம்?" என்றாய்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? இது ஒண்ணு போதாதா?" என்று சொல்லி, சீட்டை மடித்துப் பௌதிகப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

வகுப்பில் ஒரு பெண் தனக்குப் பிடிக்காத மூன்று அளவுகளை மறைத்து, பிடித்த ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிவந்தால் நான் என்ன செய்வேன்? நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த எட்டு மாதமாகக் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு லாரி ஆபீசில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தேன். கல்யாண வீட்டுப் பந்தல்களில் டீச்சரின் தம்பி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் அவற்றைவிடச் சின்ன உண்மை ஒன்று உண்டு: நீ தோற்க வேண்டும் என்று அந்த ஒரு நிமிடம் நான் விரும்பினேன்.

அதன் பிறகு காதர் பாயின் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு கச்சேரி வாசித்தாய். மூன்றாவதற்குக் கூப்பிட வந்த சண்முகத்திடம் நீ சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். "வேணாண்ணே. வாசிக்கையில, இப்பக் கேக்குறது நெசமா, நானா நெனச்சுக்கிறதான்னு ரோசனையாவே இருக்கு. கை நிக்கிது." உன் ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தாய். லாரி ஆபீசுக்குப் போனாய். நல்ல காலம், தம்பி தேறிவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

காமாலை வந்து ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, ஒரு பகலில், நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "அக்கா, அன்னைக்கி மொதல்ல மூணு தடவ கேட்டம்ல. அதுல எத்தன சரி?"

"தூங்குடா. பெறகு பேசிக்கிருவோம்" என்றேன்.

ஒரு வார்த்தை. மூணும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? உடம்பு தேறட்டும், வீட்டுக்கு வரட்டும், சீட்டையே எடுத்துக் காட்டிவிடலாம் என்று இருந்தேன். நீ வீட்டுக்கு வந்தாய். கேட்கிற நிலையில் வரவில்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாத சேதி. சென்ற மாதம் ஒரு ஞாயிறு, அடைமழை. பகலிலேயே விளக்குப் போட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆலை ஓட ஆரம்பித்தது. பல்பு மங்கியது. நான் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றது. எத்தனை வருடமாகத் துடைக்கிறேன், ராசு? மங்கியது கண்ணாடி இல்லையே.

மறுநாள் பள்ளியிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்துவந்தேன். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். ஆலை ஓடியதும் முள் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. அன்று நாலாவது முறை ஆலை ஓடிக்கொண்டிருந்ததே! குறைந்த வோல்டேஜில் காதர் பாயின் ஆம்ப்ளிஃபயரும் உன்னுடையது போலத்தானே பேசும்? நீ எனக்குச் சொன்ன பாடம்தான். நான் கோளாறு என்று பெயர் வைத்த பாடம்.

ஆனாலும் நான் சந்தேகப்பிராணி. அதற்கடுத்த ஞாயிறு காதர் பாயை அவருடைய ஆம்ப்ளிஃபயரோடு வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. நீ உட்கார்ந்த இடத்தில், சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக உன் கிட்டாரை மடியில் வைத்துத் தடித்த தந்தியைச் சுண்டினேன். விரல் எரிந்தது. ஆலை ஓடும்வரை சுண்டினேன், ஓடிய பிறகும் சுண்டினேன். எனக்கும் கேட்டது. அடி வந்து உட்கார்ந்தது.

காதர் பாய் திரும்பாமலே, "ராசுவோடத எப்பம்மா மாத்துனீங்க?" என்று கேட்டார்.

அவரே திரும்பிப் பார்த்தார். பரண்மேல் சாக்கு அவிழ்க்காமல் இருந்தது. ஆலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அன்னைக்கி நாந்தானம்மா அதிகமாச் சிரிச்சேன்" என்றார்.

"நீங்க தெரியாமச் சிரிச்சீங்க பாய்" என்றேன். மூன்று சரியான விடைகளைப் பற்றி அவரிடமும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் அச்சில் எழுதுகிறேன். ஆலைமேல் பழியைப் போட்டுவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். மின்சாரம் இறங்கியது எனக்குத் தெரியாது, அது தவறு. சீட்டை மடித்து வைத்தது எனக்குத் தெரியும், அது வேறு. நீ காதை நம்பாமல் போனது இரண்டாவதால்தான்.

மலர் வெளியிடும் நாளில் கச்சேரியும் இருக்கிறது. உன் ஆம்ப்ளிஃபயரைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டேன். ஒரு வால்வு போயிருந்தது, காதர் பாயே வாங்கிவந்து போட்டார். மூடியில்லாமலே மேடையில் இருக்கட்டும் என்று சண்முகத்திடம் கேட்பேன். உங்கள் கச்சேரி ஒன்றுக்கும் நான் வந்ததில்லை. இதற்கு வருவேன். பாட்டுத் தொடங்குமுன் மேடையேறி அந்தச் சீட்டைப் பிரித்து, உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் சத்தமாகப் படிப்பேன். எனக்கு மேடை கூச்சம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் படிப்பேன்.

உனக்குக் கேட்காது. அது எனக்குத் தெரியும். நீ கேட்டது மூன்றைப் பற்றித்தான். நாலு விடையையும் படிப்பேன், தம்பி. நாலும் சரி.

நீ "பொய் சொல்லாது" என்று நம்பிய
உன் அக்கா,
கனகம்