பானெட்டில் ஒரு நாய்

என் செல்லப் பையனுக்கு,

நார்ஃபோக்கில் மழை விட்டபாடில்லை. உன் அப்பா வழக்கம்போல் கொட்டகையில், அந்த உலகப் போர்க் காலத்து ஜீப்போடு இருக்கிறார். நீங்கள் இருவரும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நான் கேட்கப்போவதில்லை, பயப்படாதே. ஜீப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்ரோல் டேங்க் ஓட்டையாகிவிட்டது. பழைய பாகங்கள் விற்கும் டெஸ்மண்டுக்குப் போன் செய்தார்.

"எந்த வருஷத்து வண்டின்னு முதல்ல சொல்லுய்யா. அதுக்கேத்த மாதிரி டேங்க் மாறும்" என்றார் அவர்.

வருஷம் பொறித்த தகடுதான் எப்போதோ தொலைந்துவிட்டதே. அதனால் பானெட்டில் ராணுவம் எழுதிய, வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும் எண்ணைத் தேடி, ஈர உப்புத்தாளால் பெயின்டை அடுக்கடுக்காகத் தேய்த்தார். பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்தில் வெள்ளையாய் ஒரு வால், பிறகு ஐந்து கால்கள். எண்பத்தாறில், ஏழு வயதில் நீ வரைந்த நாய். அன்று அவர் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கே அதன் மேல் பச்சை அடித்ததும்.

எண் அதற்கும் கீழேதான் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சா தெரிஞ்சுடுமே" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றவர், போனை எடுத்தார். "டெஸ்மண்ட், வருஷம் தெரிஞ்சுபோச்சு. எண்பத்தாறு."

"யோவ், அப்ப சண்டை முடிஞ்சே நாப்பது வருஷம் ஆயிருக்குமே."

"தெரியும். டேங்க் வேணாம், விடு."

இப்போது நாயின் மேல் அவருடைய கம்பளிப் போர்வை கிடக்கிறது. டேங்க் இல்லாமல் ஜீப் நகராது. அதனால் நாயைப் பார்க்க நீதான் இங்கே வரவேண்டியிருக்கும்.

அவர் டீயை மறுபடி சூடாக்கப் போகும்,
உன் அம்மா