ஒரு கட்டை இறக்கிய சுருதி

அம்மா,

கீபோர்டின் சின்னத் திரைமேல் நீ ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப்பை இன்று காலை உரித்தேன். மேடை விளக்குச் சூட்டில் இளகிப்போன பசை கட்டைவிரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும் என்பாய். தடவவில்லை. போன வாரம் சேக்காட்டில் நான் செய்ததை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

அந்த டேப் எதற்கென்று உனக்கும் எனக்கும் ரிதம் பேட் வாசிக்கும் மணி அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். குழுத் தலைவர் சேகர் அங்கிளுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. ஆனால் எந்த மேடையிலும், "சுருதி எறக்குற வேலையே நம்ம கிட்ட கெடையாது, ஒரிஜினல்தான்" என்று மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் பாடத் தொடங்குவார். கூட்டம் கை தட்டும் அந்த நேரத்தில் நீ இடது ஓரத்துப் பட்டனை இரண்டு முறை அழுத்துவாய். உன் விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடும். ஒலி மட்டும் ஒரு கட்டை கீழே இறங்கிவிடும். அந்தச் சிறிய குழுவில் சுருதி சொல்லும் வாத்தியம் உன்னுடையது ஒன்றுதான் என்பதால் அவருக்கே தெரியாது. திரையில் விழும் எண்ணை அவர் பார்த்துவிடக் கூடாதென்றுதான் டேப். "பாட்டு நல்லா வந்தா சரிடி" என்பாய்.

அந்த ஒரு பட்டனுக்காகத்தான் நீ இந்தப் பழைய கீபோர்டை விடவில்லை. கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது அது நம் மடியில் குறுக்கே கிடக்கும். பக்கத்தில் இடிபடுகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவாய். சேகர் அங்கிள் வாங்கித் தந்த புதியதில் ஒலிகள் ஏராளம். எடையும் பாதிதான். வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்தாய். சுருதியை இறக்கத் திரையில் பக்கம் பக்கமாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. "மேடையில உக்காந்து படிச்சிக்கிட்டா இருக்க முடியும்?" என்று மூடிவைத்துவிட்டாய்.

"இன்னாம்மா நீ, புச்சு வாங்கிக் குடுத்தா அந்த ஓட்ட டப்பாவையே கட்டிகினு கீற?" என்று சேகர் அங்கிள் கேட்டார். நீ சிரித்தாய். காரணத்தைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த உனக்கு மனம் வரவில்லை.

திருவேற்காட்டு மேடையில் புதியதில்தான் வாசிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். நீ திரையில் தேடிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி, "ஆரம்பி" என்றார். சரணத்தில் அவர் குரல் கிழிந்தது. கூட்டம் சிரித்தது. அவர் கொஞ்சமும் தயங்காமல் மைக்கில் சொன்னார்: "மன்னிச்சிக்கோங்க, கீபோர்டு அம்மாவுக்கு வயசாயிடுச்சி. சுருதிய தப்பா வெச்சிட்டாங்க."

நீ எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாய். அவருடைய தவறுக்கு நீ கும்பிட்டாய், அம்மா. என் பின்னால் யாரோ, "வூட்ல கம்முனு கெடக்காம இதுக்கு இன்னாத்துக்கு ஆசை" என்றார்கள். அதன்பின் அவர் உன்னைக் கூப்பிடவே இல்லை. வேறு குழுக்களும் கூப்பிடவில்லை. சுருதி தப்புகிறவள் என்ற பேர் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பேரோடுதான் நீ காய்ச்சலில் படுத்தாய், எழவே இல்லை. நம் வீட்டு வாசலில் மாலையோடு நின்று அவர், "கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி" என்று எல்லோரிடமும் அழுதார்.

சேக்காட்டில் ஆடிக் கூழ் ஊற்றும் விழா. உன் மகள் ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டுமென்று அங்குள்ள பெண்கள் கேட்டிருக்கிறார்கள். சேகர் அங்கிளே போன் செய்தார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். திருவேற்காட்டில் அவர் குரல் கிழிந்த அதே பாட்டு. நான் உன் பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மேடையில் விழாக் குழுவினர் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகவே கேட்டேன்: "அங்கிள், சுருதி எறக்கி வெக்கட்டுமா?"

"இன்னா பாப்பா, நக்கலா? நான் என்னிக்கு எறக்கிப் பாடிக்கீறேன்? ஒரிஜினல்லயே வை."

"அண்ணாத்தே, நல்லா யோசிச்சி சொல்லு" என்றார் மணி அண்ணன்.

"நீ பேடைத் தட்ற வேலையைப் பாரு."

அவர் சொன்னபடியே வைத்தேன். பல்லவியிலேயே குரல் நடுங்கியது. இடையிசையின்போது நான் இறக்கியிருக்கலாம். கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. நீயாக இருந்தால் அழுத்தியிருப்பாய். நான் அழுத்தவில்லை. சரணத்தில் ஏறினார், உடைந்தார். "மாமே, அவருக்கு சோடா குட்றா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். விசில் பறந்தது. அவர் என் பக்கம் திரும்பி மைக்கைப் பிடித்தார்: "சின்னப் பொண்ணு இல்லியா, அவங்க அம்மா மாதிரியே..."

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். கோரஸ் மைக்கை எடுத்தேன்.

"நீங்க சொன்ன சுருதிதான் அங்கிள். இது உங்களுக்கு எட்டாதுன்னு அம்மா எப்பவும் ஒரு கட்டை இறக்கித்தான் வாசிப்பாங்க. இப்ப நானும் இறக்கறேன். பாடுங்க."

முதலில் அவர் கேட்ட சுருதியை அழுத்திக் காட்டினேன். பிறகு பட்டனை இரண்டு முறை தட்டி, நீ அவருக்குக் கொடுத்த சுருதியை. சங்கீதம் தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண், "அப்ப வேற்காட்டுல அவங்க மேல தப்பு இல்லியா?" என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. மணி அண்ணன் சைகைக்குக் காத்திராமல் தாளத்தைத் தொடங்கிவிட்டார். சேகர் அங்கிள் பாடித்தான் ஆகவேண்டும். பாடினார். ஒரு பிசிறும் இல்லாமல், நன்றாகவே பாடினார். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

நேற்று மணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். "இப்பல்லாம் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எவ்ளோ எறக்கிக்கீறன்னு அவரே போய் குனிஞ்சி கீபோர்டு வாசிக்கிறவனாண்ட கேக்கறாரு பாப்பா. பாக்க ஒரு மாரி கீது. போதும், கோவத்த உட்டுடு" என்றார்.

நான் விடமாட்டேன், அம்மா. அவர் ஒவ்வொரு முறை குனிந்து கேட்கும்போதும், நீ அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறாய்.