நீ பார்த்தது கழுகு இல்லை

இன்று ஆயுத பூசை. காலையில் கடையில் ஒவ்வொரு கேமராவாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தேன். அலமாரி மூலையில் கிடக்கும் பழைய டிரோன் முறை வந்ததும் கை நின்றுவிட்டது. அதன் காலில் நீ கட்டிய மஞ்சள் துணி வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே பூசைக்கு வந்தவன், "இதுவும் வாகனம்தான் லா, கட்டாம விடக்கூடாது" என்று முடிச்சுப் போட்டாய். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் என் பொம்மைக்குப் பூசை போடுகிறான் என்று நான் கேலி செய்தேன்.

அந்தப் பூசைக்கு அடுத்த வாரம், மலையடிவாரத்துப் பாலிக் பூலாவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் மாமா பக்கத்தில் நின்று, "இன்னும் மேல ஏத்துங்க தம்பி, மலை முழுசா வரணும்" என்று நச்சரித்தார். எந்த உயரத்தைத் தாண்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தாண்டினேன். மலை முகட்டுக்கு மேலே போனதும் திரை முழுக்க ஒரு ஹெலிகாப்டர். ஒரு ஹெல்மெட் திரும்பிப் பார்த்தது. மறுகணம் அது அப்படியே சாய்ந்து விலகியது. டிரோனை இறக்கிவிட்டு, காற்று அதிகம் என்று மாமாவிடம் பொய் சொன்னேன்.

சாயங்காலம் நீ கடைக்கு வந்தாய். உட்காரவில்லை.

"கரண்ட் கம்பி பாக்கப் போயிருந்தேன். மஞ்சத் துணியப் பாத்தேன்டா. பின் சீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க."

நீ திட்டியிருந்தால் தேவலை. டிரோன் குறுக்கே வந்தது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டதாகவும், என் பேரை எழுதவில்லை என்றும் சொன்னாய். "நீயே போய்ச் சொல்லிடு. நான் மாட்டிவிட்ட மாதிரி இருக்க வேணாம். வீடியோ இருக்கா?"

அழித்துவிட்டேன் என்றேன். அது இரண்டாவது பொய்.

டிரோன் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் எனக்கு. தை மாதக் கல்யாணங்கள் முடியட்டும் என்றேன். பிறகு வைகாசி, பிறகு ஆவணி. அதற்குள் உன் அலுவலகத்தில் நீ பார்த்தது கழுகாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வயதாகிறது, கண்ணைக் காட்டு என்று உன்னைப் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ திரும்பிப் போனபோது உன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கெலுகோர் டீக்கடையில் ஒருநாள் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, "ஏன்டா, ஒருவேளை கழுகுதானோ?" என்று கேட்டாய். எனக்குச் சொல்ல இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாய் என்று இப்போது புரிகிறது. நான் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன பங்குனியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு வீடு திரும்பவில்லை. சாவு வீட்டில் உன்னோடு வேலை செய்த ஒருவர் என் பக்கத்தில் நின்று, "நல்ல பைலட். கடைசியிலதான் கண்ணு கொஞ்சம்..." என்று இழுத்தார். நீ கூடத்தில் கிடந்தாய். அப்போதும் அவரைத் திருத்தாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அலுத்துவிட்டதடா. காலையில் ரேடியோவில் வேறொரு செய்தி, எங்கோ இறங்க வந்த விமானத்துக்குப் பக்கத்தில் டிரோன். கேட்டதும் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு மெமரி கார்டைத் தேடி எடுத்தேன். அந்தப் பதினொரு விநாடியும் அப்படியே இருந்தது. விமானத்துறை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் போனால் போகட்டும்.

அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இது டிரோன்தான், பைலட் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றார். பிறகு, அவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும், நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். இன்னும் அழிக்கவில்லை. அடித்தால் எடுக்கத்தான் நீ இல்லை.